கயிறு என் கையில் இருந்தது

மேடைத் திரைக்குப் பருத்தித் துணிதான் நல்லது. மினுமினுக்கும் துணி கண்ணுக்கு அழகு; ஆனால் கயிற்றை இழுத்தால் பாதி வழியில் சண்டித்தனம் செய்யும். நம்முடையது பருத்தி. இழுத்த இழுப்புக்கு வந்தது.

காப்பகத்தின் சார்பில் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். மறைக்க என்ன இருக்கிறது? பாலினமோ காதலோ வேறாக இருப்பதால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பால்புதுமைப் பிள்ளைகள் தங்கும் இடம் அது. அதற்கு நிதி திரட்டத்தான் ஆண்டுதோறும் குயர் கவிதை மாலை நடத்துகிறேன். நான் அவர்களில் ஒருவன் இல்லை, அவர்களுக்காக இருப்பவன். வானவில் சால்வை போர்த்தி வரவேற்புரை ஆற்றுவதும் நானே. உரை கொஞ்சம் நீளம் என்பார்கள், பொறாமைக்காரர்கள்.

முகம் காட்ட முடியாதவர்கள் திரைக்குப் பின்னால் நின்று வாசிப்பது நம் மேடை வழக்கம். குரல் மட்டும் வெளியே வரும். கயிறு என் பொறுப்பு.

குருவி அப்படி வாசிக்க வந்தவள். அது மேடைப் பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு ஏற்றபடி கண்ணாடி தேய்த்துப் பொருத்துகிறவள். அப்பாவோடு வசித்தாள்.

"அப்பாவுக்கு மட்டும் தெரியவே கூடாது சார். தெரிஞ்சா அன்னைக்கே என் பெட்டி தெருவுல கெடக்கும்."

"நான் இருக்கேன்லம்மா," என்றேன்.

ஒத்திகையில் கவிதையைக் கேட்டேன். பஸ் ஓட்டும் ஒருத்தியைப் பற்றியது. அந்த ஓட்டுநரின் அறையில் இவள் குளிக்கும்போது, சோப்பில் ஒட்டியிருக்கும் அவளுடைய நீளமான முடியைப் பிரித்தெடுத்து விரலில் மோதிரம்போல் சுற்றிக்கொள்கிறாளாம். இதெல்லாம் ஒரு கவிதையா? சோப்பில் முடி. துரத்தப்பட்டவர்களுக்காகக் கையேந்தும் மேடையில் ஒருத்தி வந்து நான் சுகமாக இருக்கிறேன் என்றால், எவன் பையில் கைவிடுவான்?

"கொஞ்சம் சோகமா எழுதக் கூடாதாம்மா?"

"நான் நல்லாத்தானே சார் இருக்கேன்? சோகத்துக்கு எங்க போவேன், பக்கத்து வீட்டுல கடன் கேக்கட்டா?"

சிரித்தாள். பொறுப்பில்லாத சிரிப்பு.

மறுநாள் அவள் அப்பாவின் கடைக்குப் போனேன். பூட்டு பழுது பார்த்துச் சாவி வெட்டித் தருகிறவர். உங்கள் மகள் கவிதை வாசிக்கிறாள், அவளிடம் சொல்லாமல் வாருங்கள், அசந்துபோவாள் என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. பொய் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

"எங்க வீட்டுக் கழுதையா? மளிகைச் சாமான் எழுதச் சொன்னாலே பாதிய விட்டுரும் சார்!" என்றவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு சாவியைத் தேவைக்கு அதிகமாக அராவினார்.

சட்டையை இஸ்திரி போட்டு, மகளுக்கென்று வாங்கிய பேனாவைப் பையில் குத்திக்கொண்டு வந்தார். வாசல் பதாகை கண்ணில் படாமல், பக்கவாட்டுக் கதவு வழியாக நானே கைபிடித்து அழைத்து வந்து முதல் வரிசையில் உட்காரவைத்தேன். அதுவும் என் வரவேற்புரை முடிந்த பிறகு. அதைக் கேட்டிருந்தால் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். இப்படி ஒரு நல்ல உரையை அவர் இழந்ததில் எனக்கு வருத்தம்தான்.

திரைக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டதும் பக்கத்து இருக்கைக்காரரின் தொடையைத் தட்டி, "எம் பொண்ணுங்க" என்றார். சோப்பு வந்தது. முடி வந்தது. "அவள்" என்ற சொல் வந்தது. அவர் கை தொடையிலேயே நின்றுவிட்டது.

திரை விலகியது. கயிறு அறுந்துவிட்டது என்று அன்று சொன்னேன். அது அறுந்துபோகவில்லை.

குருவி முதல் வரிசையைப் பார்த்தாள். "அப்பா" என்றாள், ஒலிவாங்கி அதை நன்றாகவே வாங்கியது. அவர் பேனாவைத் தடவிப் பார்த்துக்கொண்டு எழுந்து போனார். கூட்டம் தேம்பியது. மூக்கைத் துடைத்த அதே விரல்களால் உண்டியலில் நோட்டுகளைத் திணித்தார்கள். அருவருப்புதான். பொதுச்சேவையில் அதையெல்லாம் பார்த்தால் ஆகுமா?

வீட்டுப் பூட்டை மாற்ற அவள் அப்பாவுக்கு வேறு ஆள் தேவைப்படவில்லை. பிறகு பஸ் பணிமனை வாசலில் போய் நின்று கத்தினாராம். ஓட்டுகிறவள் மாற்றல் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டாள். காதலின் ஆழம் அவ்வளவுதான்.

அன்று வசூலானதில் காப்பகத்துக்கு ஒரு புதுக் கட்டில் வந்ததே, நீங்களே கையெழுத்திட்டு வாங்கினீர்களே, அதில்தான் குருவி படுத்திருக்கிறாள். நான் இல்லையென்றால் அவளுக்கு அந்த இடம் கிடைத்திருக்குமா?

நேற்று பழம் வாங்கிக்கொண்டு போய், புதுக் கவிதை ஏதாவது உண்டா என்று கேட்டேன். போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டாள். திரைக்குப் பின்னாலேயே நின்று பழகிய பெண். கூச்சம் போக நாளாகும்.