அறுபத்திநாலுக்குக் கீழே

கல்யாணிலிருந்து வந்த மதிய லோக்கலில் பெட்டி பாதி காலி. எதிர் இருக்கையில் இருவர். தாராவியில் சேணம் தைப்பவர் ஒருவர். மடியில் ஒரு பழைய சேணம் இருந்தது. மற்றவர் அவர் தங்கையின் கணவர். ஞாயிற்றுக்கிழமை எண்பது கிலோமீட்டர் குதிரையோட்டத்துக்குப் போகிறவர்.

“குதிரை ரெடி மச்சான், நான் பக்கத்துல இல்லன்னா.”

நான் போனிலிருந்து கண்ணை எடுத்தேன்.

“என்ன சொல்லுதிய மாப்ள?”

“பழக்குறதுக்கு நாப்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு இறங்குதேன். கால் மணி நேரத்துல அதோட நெஞ்சுத் துடிப்பு நிமிஷத்துக்கு அறுபத்திநாலுக்குக் கீழ வரணும், அப்பதான் போட்டியில மேல ஓட விடுவாவ. வரல. குதிரை டாக்டர் என்னைய டீ குடிச்சிட்டு வரச் சொன்னாரு. நான் அந்தப் பக்கம் போனதும் அம்பதுக்கு வந்துட்டு.”

“திரும்பி வந்ததும்?”

“தொண்ணூறு. மூணு நாளா இப்படித்தான். வேற யாரு நின்னாலும் ஏற மாட்டேங்கு.”

சேணக்காரர் தோல்வாரைச் சுருட்டினார், பிறகு அவிழ்த்தார்.

“முன்னாடி அதை ஓட்டுன யூசுப் அண்ணனும் கடைசி வாரம் இதையேதான் சொன்னாரு.”

“அவரு விழுந்துல்லா மவுத்தானாரு?”

“விழல. குதிரை நடந்து வந்து நின்னுச்சு. அவரு உக்காந்தபடியே இருந்தாரு. தொட்டுப் பாத்தப்போதான் தெரிஞ்சுச்சு.”

மாப்பிள்ளை தன் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்தார். சயான் ஸ்டேஷன் வரும்வரை எடுக்கவில்லை.

எழும்போது சேணக்காரர் மெதுவாகக் கேட்டார். “எவ்வளவு?”

“எண்ண முடியல மச்சான். நடுநடுவே நின்னுருது.”