நலுபோவா வீட்டுப் புகை

வயதானவர்கள் வீட்டுக்கு நாலு பேர் வந்து போவது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாலு பேருக்கும் தேநீர் போட்டவள் நான்.

நலுபோவாவுக்கு எழுபத்து மூன்று வயது. எனக்கும் அதேதான். இருவரும் புருஷனைப் புதைத்தவர்கள். அவள் பிள்ளைகள் கம்பாலாவில் இருக்கிறார்கள், எனக்குப் பிள்ளைகளே இல்லை. பாதைக்கு இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் அவள் வீடு. புதன்கிழமைதோறும் நகுஜ்ஜா வந்து அவளோடு உட்கார்ந்து பாய் முடைவாள். செம்பாலா கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து ஊர்க்கதை பேசுவார். மாதா கோயில் பெண்கள் முறை வைத்துத் தண்ணீர் தூக்கி வருவார்கள். என் வாசலில் ஒரு கோழிகூட நிற்காது. எனக்கு வலித்தது, சொல்வதற்கென்ன.

ஒவ்வொருவராகத்தான் நிறுத்தினேன். நகுஜ்ஜாவிடம், "நீ முடையுற பாய் கோணல்னு சொல்லிச் சிரிக்கிறாடி" என்றேன். செம்பாலாவிடம், "ஆம்பளை வந்து உக்காந்திருக்கிறது அவ பிள்ளைங்களுக்குப் பிடிக்கலையாம், பெரியவரே" என்றேன். தண்ணீர் கொண்டு வந்தவர்களிடம், "அவளோட நல்ல உடுப்பு ஒண்ணு காணோமாம், உங்க மேலதான் சந்தேகமாம்" என்றேன். அவள் போனை சார்ஜ் போடக் கடைத்தெருவுக்கு எடுத்துப் போனேன், திருப்பி எடுத்து வரவில்லை. "கிழவிங்கள யாரு நினைப்பா, விடு" என்று அவளைத் தேற்றினேன். இரண்டு மாதம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வாழைக்காயை அவித்து மசித்து நான்தான் ஊட்டினேன். நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

போன ஞாயிறு எனக்குக் காய்ச்சல். அவள் தனியாகப் பூசைக்குப் போய், கோயில் வாசலில் நகுஜ்ஜாவைப் பார்த்துவிட்டாள். எல்லாம் வெளியே வந்துவிட்டது. திரும்புகிற வழியில் என் வாசலில் நின்றாள்.

"கோணல் பாய்ல இல்லடி நந்துமே, உன் மனசுல. இனிமே என் வாசல மிதிக்காத. புதன்கிழமை எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேன்."

திங்கட்கிழமை விடிந்ததும் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவள் தரையில் கிடந்தாள். வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன்.

"நகுஜ்ஜாவக் கூப்பிடு," என்றாள்.

என்னைத் தூக்கிவிடு என்று சொல்லியிருந்தால் தூக்கியிருப்பேன். கையைப் பிடித்திருப்பவளிடம் இன்னொருத்தியைக் கேட்டாள்.

நீங்கள் டவுனில் வளர்ந்த போலீஸ்காரர், ஐயா. எங்கள் வீடுகள் வாழைத் தோப்புக்குள் மறைந்திருக்கும். ஒரு வீட்டில் கத்தினால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. காலையில் சமையல் கொட்டகையிலிருந்து எழும் புகைதான் தோப்புக்கு மேலே தெரியும். தனியாக இருக்கும் கிழவி வீட்டில் புகை வரவில்லையென்றால் பார்த்தவர் ஓடி வருவார். வந்தால் கூட்டம் கூடியிருக்கும். அதனால் அவள் அடுப்பை நானே மூட்டினேன். ஈர விறகு, நன்றாகப் புகைந்தது. செவ்வாயும் மூட்டினேன். புகையைப் பார்த்ததாக நகுஜ்ஜா உங்களிடம் சொன்னது பொய்யில்லை.

தண்ணீர் கேட்டாள். "நகுஜ்ஜா கொண்டு வருவா" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். வேறெந்தக் குறையும் வைக்கவில்லை. ஈ விரட்டினேன், தலை வாரிவிட்டேன். புதன் விடியும்போது அவள் மூச்சு நின்றது. அன்றும் அடுப்பை மூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். பத்து மணிக்கு நகுஜ்ஜா பாய் ஓலையோடு வந்து பார்த்திருக்கிறாள்.

அடக்கத்துக்கு இருநூறு பேர் வந்தார்கள். அவளுடைய பெரிய மகன் குழி ஓரத்தில் உட்கார்ந்து, அம்மா யாருமில்லாமல் போய்விட்டாளே என்று அழுதான். எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால்தான் உங்களிடம் வந்தேன். மூன்று நாளும் நான் பக்கத்திலேயே இருந்தேன், ஐயா. அவன் அம்மா தனியாகச் சாகவில்லை என்று அவனிடம் சொல்லுங்கள்.