வாசல் வழியாகப் போகட்டுமே, சார்

மேடையில் வீற்றிருக்கும் நம் சங்கத் தலைவர் திரு. ரகுநாதன் அவர்களே, முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும் சகோதரி ஜுபைதா அவர்களே, வெள்ளிக்கிழமை ஓய்வை விட்டு இந்த அல் குசைஸ் கூடத்துக்கு வந்திருக்கும் அன்பர்களே!

முப்பது ஆண்டுகள் வகுப்பில் பேசியே பிழைத்தவன் நான். இன்று ஓர் இரங்கல் பேச்சுக்கு நிற்கிறேன். கடந்த செவ்வாய்க்கிழமை சகோதரி ஜுபைதாவின் கணவர் ஜனாப் கௌஸ் முகம்மது அவர்களை மாரடைப்பு கொண்டுபோய்விட்டது.

யார் அந்தக் கௌஸ் பாய்? ஒரு கட்டுமான நிறுவனத்தில் இருபத்தாறு ஆண்டுகள் விசா வேலைகளைப் பார்த்தவர். இந்த 2007 ஜூனில் இந்த வளைகுடா நாட்டு அரசு, அபராதமும் சிறையும் இல்லாமல் ஊர் திரும்பலாம் என்று பொதுமன்னிப்பு அறிவித்தபோது, விசா இல்லாமல் ஒளிந்திருந்த நம்மவர்களுக்கு விண்ணப்பம் எழுதித்தரச் சங்கத்தில் ஒரு மேஜை கேட்டார்.

எதிர்த்தவர் யார் தெரியுமா? நான்தான்!

எல்லைக் காவலை இறுக்க வேண்டும், வேலை விசாச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று ஊரெல்லாம் விவாதம் நடந்த நேரம். "ஜன்னல் ஏறிக் குதித்து வகுப்புக்குள் வந்த பையனுக்கு நான் வருகைப் பதிவு போடுவேனா?" என்று கூட்டத்தில் கேட்டேன். கைதட்டல்கூட வாங்கினேன். கௌஸ் பாய் சிரித்தார்.

"ஜன்னல் ஏறி வந்தது தப்புதான் சார். நான் இல்லேங்கல. போறப்பவாச்சும் வாசல் வழியா போகட்டுமே. அதுக்குத்தானே கதவத் தொறந்து வச்சிருக்காங்க?"

நானே எதிர்ப்பை விலக்கிக்கொண்டேன். மேஜை கிடைத்தது.

அவர் எழுதும் முறையே தனி! பேனாவைத் தொடும் முன், எந்தத் தேதியில் வந்தாய், எந்த நிறுவனம், ஏன் ஓடினாய் என்று மூன்று முறை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார். மூன்று முறையும் ஒரே கதை வந்தால்தான் எழுதுவார். பொய் மூன்றாம் முறை தடுக்கிவிழும். எத்தனை வாய்மொழித் தேர்வு நடத்தியிருக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லையே!

அந்த மேஜைக்கு வந்தவர்களில் ஒருவர் கார்மேகம். அவர் சம்மதத்தோடுதான் பெயரைச் சொல்கிறேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அண்ணனின் பாஸ்போர்ட்டில் வந்தவர். எங்களிடம் வருமுன் தானாகவே குடிநுழைவு அலுவலகம் போய்ச் சொந்தப் பெயரில் விண்ணப்பம் கொடுத்தார். அந்தப் பெயரில் யாரும் நாட்டுக்குள் வந்ததாகவே பதிவு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பயந்துபோய் மறுபடி ஒளிந்துகொண்டார். கௌஸ் பாய் தேடிப் பிடித்து மேஜைக்கு அழைத்து வந்தார். அன்று நானும் கூட இருந்தேன்.

"பாய், பேரு கேட்டா எதச் சொல்ல?"

"ரெண்டையும் சொல்லு. பொறந்தது கார்மேகமா, வந்தது அண்ணன் பேர்ல. நான் பக்கத்துல நிக்கிறேன்ல?"

"உள்ள தூக்கிப் போட்டுட்டா?"

"போட்டா உனக்கு நானே பிரியாணி கொண்டாறேன். அழுவாம சொல்லுப்பா, மொதத் தடவ."

மூன்று முறை சொன்னார். விண்ணப்பம் தயாரானது. வரும் ஞாயிற்றுக்கிழமை, இங்கே வாரத்தின் முதல் வேலை நாள், இருவரும் அந்த அலுவலகத்துக்குப் போவதாக ஏற்பாடு. அதற்குள் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

நேற்று கார்மேகத்தைப் பார்த்தேன். "காயிதம் இருக்கு சார். நிக்கிறேன்னவரு போயிட்டாரே. நான் போகல" என்றார். பொதுமன்னிப்பு முடிய இன்னும் எட்டே நாட்கள். தவறவிட்டால் அபராதம், சிறை, மறுபடி ஒளிவு. ஊரில் மனைவி சரசு பதினோரு ஆண்டுகளாகக் காத்திருக்கிறார். இப்படி விட்டுவிடவா கௌஸ் முகம்மது அந்த மேஜையைப் போட்டார்?

சகோதரி ஜுபைதா இன்று காலை கணவரின் விண்ணப்பக் கோப்பை என்னிடம் கொடுத்தார். மேலே இருப்பது கார்மேகத்தின் விண்ணப்பம். "அவுக இருந்தா ஞாயித்துக்கெழம ஏழு மணிக்கே கெளம்பியிருப்பாக" என்றார்.

அன்பர்களே, கோப்பில் இன்னும் பதினான்கு பேர் இருக்கிறார்கள். இந்த எட்டு நாளும் மேஜை இங்கேயே இருக்கும். உடன் போய் நிற்க ஆள் வேண்டும். கூட்டம் முடிந்ததும் யார் யார் என்று என்னிடம் சொல்லுங்கள்.

முதல் ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குக் கார்மேகத்தின் அறைக் கதவைத் தட்டுவேன். வரிசையில் அவர் பக்கத்தில் நிற்பேன். என்ன கேட்டாலும் உண்மையைச் சொல்வோம்.

கௌஸ் பாய், அவர் வாசல் வழியாகவே போவார்.