காற்றை நிறுத்துப் பார்த்தவர்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவரே! ஞாயிறுதோறும் தம் வீட்டு மொட்டைமாடியை நமக்குப் பள்ளிக்கூடமாகத் திறந்துவிட்ட அனந்தபத்மநாபன் ஐயா அவர்களே! மூட்டுவலியோடு இத்தனை படி ஏறி வந்த பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அரங்கை நிறைத்திருக்கும் தாய்மார்களே! கடையிலும் கட்டடத்திலும் உணவகத்திலும் உழைத்தபடியே படித்து, பத்தாம் வகுப்பில் வென்று, முன்வரிசையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் என் மாணவர்களே! உங்களில் பலர் என்னைவிட மூத்தவர்கள். அனைவருக்கும் உங்கள் அறிவியல் ஆசிரியை ஸ்ரீலட்சுமியின் வணக்கம்.

ஒரு கேள்வி. ஒரே ஒரு கேள்வி.

மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது?

மண் தந்ததா? மழை தந்ததா? மாயமாய் வந்ததா?

"மண்ணுதான் டீச்சரே!" பின்வரிசையிலிருந்து குரல் வருகிறது. சஜியா? வெட்கப்படாதீர்கள் சஜி. இதே பதிலைச் சொன்னவர்தான் இன்று என் வலப்பக்கம், மேடையில், மாலையோடு அமர்ந்திருக்கிறார்.

பிச்சைக்கனி அண்ணாச்சி.

பழவங்காடிப் பிள்ளையாருக்கு நீங்கள் உடைத்த தேங்காய்களில் எத்தனையோ இவர் கைபட்டவை. இருபது ஆண்டுகளாகக் கோயிலருகே தேங்காய்க் கடையில் வேலை. கையில் எடுப்பார். எடை சொல்வார். தராசு தலையாட்டும். ஆனால் முழங்கால் போயிற்று. இனி மூட்டை தூக்க முடியாது. பத்தாவது தேறினால் ஒரு கல்லூரியில் காவலர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். வயது வரம்புக்கு மிச்சம் ஓராண்டும் சில மாதங்களும். அதாவது, ஒரே ஒரு தேர்வு.

முந்தைய தேர்வில் இவர் தோற்றிருந்தார். இரண்டே மதிப்பெண்ணில். நான்கு மதிப்பெண் கேள்வி ஒன்றை வெறுமையாக விட்டிருந்தார். 'தாவரம் தன் உணவை எதிலிருந்து ஆக்குகிறது?' விடை அவருக்கு மனப்பாடம். கோபத்தோடு கேட்டேன்.

"தெரிஞ்சும் ஏன் அண்ணாச்சி எழுதல?"

"காத்துலயிருந்து மரமுன்னு சொல்லுதிய. இருவது வருஷமா தேங்கா தூக்குதவன் நான். காத்துக்கு ஏது கனம்? நம்பாததை எழுதுனா அது களவுல்லா டீச்சரே?"

அவையோரே, மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவள் நான். அன்று தலைகுனிந்தேன்.

"சரி. நிறுத்துப் பார்ப்போம்," என்றேன்.

வெயிலில் காயவைத்த மண். கடைத் தராசு. மாடியில் ஒரு தொட்டி. அதில் ஒரு துளசி. இரண்டு மாதம் கழித்து மண்ணைக் கொட்டி, காயவைத்து, மறுபடி நிறுத்தார். மண் குறையவில்லை. கூடியிருந்தது! நானூறு கிராம்!

"கண்டோ டீச்சரே! செடிதான் மண்ணை உண்டாக்குது. புஸ்தகத்தை மாத்தி எழுதச் சொல்லுங்கோ!"

மாடி முழுக்கச் சிரிப்பு. சிரிக்காதவர் ஒருவர். விடுதி அறைகளைப் பெருக்கித் துடைத்துவிட்டு வகுப்புக்கு வரும் மாடம்மாள் அக்கா. மெல்ல எழுந்தார்.

"அண்ணாச்சி... அந்த மண்ணைக் கொஞ்சம் கிளறிப் பாருங்க."

கிளறினார். மஞ்சள் வந்தது. குங்குமம் வந்தது. விளக்குத் திரி வந்தது. கடைசியில், கைக்கு அடக்கமாக, ஒரு கல் பிள்ளையார் வந்தார்.

"துளசி ஆச்சே, சும்மா விடலாமா? நீங்க பாஸாகணும்னு நாந்தான் வச்சேன்."

"எம்மா தாயே! நான் பாஸாக நீ வச்ச பிள்ளையார்தானா என்னைத் தோக்கடிச்சாரு?"

சிரியுங்கள், சிரியுங்கள். அக்காவும் சிரிக்கிறார்.

அடுத்து, யாரும் கும்பிடாத செடி வேண்டும். மரச்சீனி, அதாவது மரவள்ளி! பெரிய சாக்குப் பை. முப்பது கிலோ காய்ந்த மண். நடுவதற்கு ஒரு கம்பு. எரு இல்லை, பூசை இல்லை, பிள்ளையார் இல்லை. தண்ணீர் மட்டும். காவலுக்கு யார்? மாடம்மாள் அக்காவேதான்.

ஒன்பது மாதம். தேர்வுக்கு ஒரு வாரம். பிடுங்கினார். மூன்று கிலோ கிழங்கு. மண்ணை உலர்த்தி நிறுத்தார். நூறு கிராம்தான் குறைந்திருந்தது. வெறும் நூறு!

விட்டாரா? இல்லை. "தண்ணி ஊத்துனோமே, அந்தக் கனமா இருக்கும்."

நியாயமான சந்தேகம். கிழங்கைச் சீவினார். மொறுமொறுவென்று காயவைத்தார். இன்னும் ஒரு கிலோவுக்கு மேல் நின்றது. ஒரு சீவலை இரும்புச் சட்டியில் போட்டு வாட்டினார். சிவந்தது. கறுத்தது. கரியானது.

அந்தக் கரியை விரலில் தேய்த்துப் பார்த்தார். பிறகு அவரே கேட்டார்.

"தண்ணியைக் காச்சுனா கரி வருமா டீச்சரே?"

"வராது."

"மண்ணும் அவ்வளவா குறையல."

"இல்லை."

"அப்போ இந்தக் கரி..." அண்ணாந்து பார்த்தார். மேலே ஒன்றுமில்லை. காற்று.

அந்தக் கணம்! நான் சொல்லித் தந்ததல்ல அது. அவர் எட்டிப் பிடித்தது.

ஆம், அவையோரே! நாம் வெளியே விடும் மூச்சில் கார்பன் இருக்கிறது. இலையின் நுண்துளை வழியே அது உள்ளே போகிறது. உள்ளே ஒரு தொழிலாளி. ருபிஸ்கோ என்னும் நொதி. ஐந்து கார்பன் கொண்ட ஒரு பொருளோடு, காற்றின் ஒரு கார்பனை ஒட்டுகிறது. ஆறு. நிற்காது. உடனே உடைகிறது, பழவங்காடித் தேங்காய்போல், இரண்டாக. மூன்று, மூன்று. வெயிலின் வலிமையால் அதிலிருந்து சர்க்கரை. சர்க்கரையிலிருந்து மாவு. மாவிலிருந்து நம் தட்டு.

வேகமான வேலையா? நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறைதான். சில நேரம் ஆளை மாற்றிப் பிடித்து, கார்பனுக்குப் பதில் ஆக்சிஜனை இழுத்து வைத்துக்கொள்ளும். மெதுவான தொழிலாளி. தவறும் தொழிலாளி. ஆனால் நிறுத்தாத தொழிலாளி! பொன்முடித் தேயிலையில் அது. கல்லாற்றங்கரைக் காட்டில் அது. சங்குமுகம் கடலில், கண்ணுக்குத் தெரியாத பாசியில் அது. காடுகளைக் கட்டியது யார்? கனிகளை நிறைத்தது யார்? மெதுவாக வேலை செய்தவர்கள்! தவறித் தவறி, மறுபடி தொடங்கியவர்கள்!

முன்வரிசையே, உங்களுக்குத் தெரிந்தவர்களைப் பற்றிச் சொல்வதுபோல் இல்லையா?

தேர்வில் அதே கேள்வி வரவில்லை. கதைகளில்தான் வரும். வேறு கேள்வி வந்தது: 'தேங்காய்ப் பருப்பில் உள்ள கார்பன் எங்கிருந்து வந்தது?' அண்ணாச்சி எழுதினார். நுண்துளை, வெயில், சர்க்கரை எல்லாம் எழுதினார். முடிவில், யாரும் கேட்காத ஒரு வரியையும் சேர்த்தாராம்.

'காற்றிலிருந்து. நான் நிறுத்துப் பார்த்தேன்.'

தேறினார்! களவின்றித் தேறினார்! விண்ணப்பம், வயது வரம்புக்குப் பதினோரு நாள் முன்பாக, போய்ச் சேர்ந்தது. நேற்று நேர்காணலுக்கு அழைப்பும் வந்துவிட்டது. எழுந்து நில்லுங்கள் அண்ணாச்சி. முழங்கால் வலித்தாலும் ஒரு நிமிடம். இந்தக் கைதட்டல் உங்கள் எடைக்குச் சரியாக இருக்கிறதா, கையில் வாங்கிப் பாருங்கள்.

வாசலில் அந்த மரச்சீனியின் தண்டுகளைக் கம்பு கம்பாக நறுக்கி வைத்திருக்கிறோம். தேறியவர்கள் ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். மாடம்மாள் அக்கா, உங்கள் கம்பை மட்டும் நீங்கள் கும்பிட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு நேரம் நான் பேசியதெல்லாம் நான் வெளியே விட்ட மூச்சு. நீங்கள் சிரித்ததும் மூச்சு. அது வீணாகாது. ஏதோ ஒரு இலை அதை எடைபோட்டு எடுத்துக்கொள்ளும். அந்த நம்பிக்கையோடு, மூச்சைப் பகிர்ந்த உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, கைகூப்பி அமர்கிறேன்.

வணக்கம்.