அடிக்காத போன்

அந்தப் போன் நல்ல போன்தான் ஐயா. படம் தெளிவாக விழும். கீழே போட்டாலும் உடையாது. ஒருமுறை சார்ஜ் போட்டால் ஒன்றரை நாள் தாங்கும். என் பழைய பட்டன் போனுக்கு இனிமேல் சிக்னல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் என் மகள் வாங்கிக் கொடுத்தாள். நான் வேலை பார்க்கிற கட்டடத்திலேயே நாலாவது மாடியில் அந்தக் கம்பெனியின் ஷோரூம் இருக்கிறது. அங்கேதான் வாங்கினாள்.

அந்தக் கட்டடத்தை முப்பத்தொரு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவன் நான். தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், லிஃப்ட், பூட்டு எல்லாம் என் பொறுப்பு. ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் சாவியைத் தடவிப் பார்த்தே எந்தக் கதவுக்கு என்று சொல்வேன். பூட்டு விஷயத்தில் யாரையும் நம்புவதில்லை. வீட்டிலும் அப்படித்தான். காலையில் கிளம்பும்போது கம்பிக் கதவை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு வருவேன். வீட்டுக்காரி உள்ளே இருப்பாள். திருட்டுப் பயம், வேறொன்றுமில்லை. "நான் என்ன தங்கமா, பூட்டி வச்சுட்டுப் போறதுக்கு?" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டாள். அவ்வளவுதான். மற்றபடி ஒன்றும் சொன்னதில்லை.

போனுக்கு வருகிறேன். வாங்கினது நாம், குடியிருந்தது அவர்கள். திறந்தால் கம்பெனி முத்திரை, கம்பெனி பாட்டு. யாராவது கூப்பிட்டாலும் அதே பாட்டுதான், மாற்ற முடியாது. சினிமா, சமையல், விளையாட்டு என்று என்னென்னவோ அடைத்து வைத்திருந்தார்கள். நீக்கப் போனால் 'இதை நீக்க இயலாது' என்று வரும். அணைக்கிற பட்டனை அழுத்தினால் அணையாது. ஒரு பெண் குரல், "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று கேட்கும். என் போனை அணைக்க நான் ஒருத்தியிடம் உத்தரவு வாங்க வேண்டும்.

இதில் பெரிய தொல்லை 'காவலன்' என்று ஒன்று. போனில் பதிந்து வைக்காத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் அது மணியடிக்க விடாது. உள்ளே விழுங்கிவிடும். எனக்கு அதில் நஷ்டமில்லை, தெரியாத நம்பரை நான் எடுப்பதே இல்லை. எடுத்தால் எவனாவது எதையாவது விற்பான். ஆனால் லிஃப்ட் இருக்கிறதே. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பட்டனை அழுத்தினால் என் ஒரு போனுக்குத்தான் வரும். அந்தப் பெட்டிக்குள் வேறு எந்தப் போனுக்கும் சிக்னல் எடுக்காது. சிவப்புப் பட்டன் அழைப்பில் நம்பர் தெரியாது, வெறும் கோடுதான் வரும். கோட்டை எப்படிப் பதிந்து வைப்பது?

அதற்காகத்தான் ஷோரூமுக்குப் போனேன். கவுண்டரில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். பையன் என்றால் முப்பது வயது இருக்கும். மூச்சு வாங்குகிற வியாதி. பேச்சுக்கு நடுவே ஒரு நீலப் பம்பை வாயில் வைத்து அடித்துக்கொள்வான்.

"பெரியவரே, இது கம்பெனி போட்டு அனுப்புறது. என் கையில இல்ல. வாடகை வீட்டுச் சுவத்துல ஓனர் ஆணி அடிக்கக்கூடாதுன்னா அடிப்பீங்களா?"

"இது வாடகை இல்லப்பா. காசு கொடுத்து வாங்கினது."

"அப்படித்தான் எல்லாரும் நினைச்சுக்கறாங்க" என்று சிரித்தான். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

மூன்று தடவை இப்படி. நாலாவது தடவை போனது ஒரு வியாழக்கிழமை. என் தலையைப் பார்த்ததும், "வந்துட்டாருய்யா லிஃப்ட் மந்திரி" என்றான். போனைப் பிடுங்கினாற்போல் வாங்கிப் பத்து நிமிஷம் நோண்டினான். கம்பெனியில் யாரிடமோ பேசினான். பிறகு திருப்பிக் கொடுத்தான்.

"போங்க பெரியவரே. இனிமே இதுக்காக மாடி ஏறி வராதீங்க."

விரட்டுகிறான் என்று எடுத்துக்கொண்டேன். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். மண்டையில் அடி. மாடி வீட்டுப் பெண் சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறாள். கம்பிக் கதவில் என் பூட்டு. ஜன்னல் வழியாகப் பேச்சுக் கொடுத்து என் நம்பரை வாங்கித் தன் போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். இரண்டு பத்துக்கு ஒன்று, பதினைந்துக்கு ஒன்று, இருபத்திரண்டுக்கு ஒன்று. அவள் நம்பர் என் போனில் பதிந்திருக்கவில்லை. கடைசியில் ஆளைக் கூட்டிவந்து பூட்டை உடைத்தபோது மூன்றரை. நல்ல பூட்டு அது. சுலபத்தில் உடையாது. நான் சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது வாசலில் கூட்டம்.

"மூணு தடவையும் முழுசா ரிங் போச்சே, எடுக்கலையே மாமா" என்று மாடி வீட்டுப் பெண் அழுதாள். கூப்பிடுகிறவர்களுக்கு ரிங் போகிற மாதிரிதான் கேட்கும், அது கம்பெனி பண்ணுகிற ஏமாற்று என்று அவளுக்குச் சொன்னேன். வந்தவர் எல்லாருக்கும் அதையே சொன்னேன். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டு வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். மிச்சத்தை நான் கேட்கவில்லை. என் மகள் மட்டும், "ஏம்ப்பா பூட்டினீங்க?" என்றாள். வேறெதுவும் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

இருபது நாள் கழித்து வேலைக்குப் போனேன். கவுண்டர்காரன் கீழே இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "கேள்விப்பட்டேன் பெரியவரே. மனசே சரியில்ல" என்றான். கண் கலங்கியிருந்தது. செய்கிறதையும் செய்துவிட்டு அழுகிறான் என்று நினைத்தேன். தலையை ஆட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை. ஞாயிறும் திங்களும் விடுமுறை. சாயங்காலம் ஐந்தரைக்குக் கட்டடமே காலி. அவன்தான் கடைசி. ஊருக்குக் கிளம்புகிறான், தோளில் பை. "வரேன் பெரியவரே" என்று லிஃப்ட் மேலே வரக் காத்து நின்றான். ஷோரூமைப் பூட்டப் போனேன். மேசை மேல் அவனுடைய நீலப் பம்பு இருந்தது. பார்த்தேன். குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும். கதவைப் பூட்டிவிட்டு ஒரு மாடி ஏறி, மொட்டைமாடியில் இருக்கிற மெஷின் அறைக்குப் போனேன்.

லிஃப்ட் கயிற்றில் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு இருக்கும். நான் போட்ட கோடுகள்தான். எங்கள் லிஃப்ட் மெதுவாக ஓடும், வேண்டிய நேரம் இருந்தது. மூன்றாவது கோடு தாண்டியது. இரண்டாவது வருவதற்குள் லிஃப்டின் மெயின் சுவிட்சை இறக்கினேன். அந்த இடத்தில் முன்னும் பின்னும் சுவர்தான். விளக்கு போய்விடும், மின்விசிறியும் நின்றுவிடும். சிவப்புப் பட்டன் மட்டும் பேட்டரியில் ஓடும்.

அவனைக் கொல்ல நினைக்கவில்லை ஐயா. பட்டனை அழுத்துவான், என் போன் அடிக்காது. அவன் கம்பெனியின் காவலன் அவன் அழைப்பையே விழுங்கும். ஒரு மணி நேரம் உள்ளே இருந்து அது என்னவென்று தெரிந்துகொள்ளட்டும். பிறகு நானே மேலே போய் மெயினைத் தூக்கிவிடுவேன். அதுதான் என் எண்ணம். எழுதிக்கொள்ளுங்கள், அதுதான் எண்ணம்.

படியிறங்கி இரண்டாவது மாடித் திருப்பத்துக்கு வந்தேன். என் சட்டைப் பையில் கம்பெனி பாட்டு.

எடுத்துப் பார்த்தேன். நம்பர் இல்லை. வெறும் கோடு.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் தட்டுவதும் கேட்டது. ஏன் எடுக்கவில்லை என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். எடுத்திருந்தால் அவன் பேசியிருப்பான். வியாழக்கிழமை பத்து நிமிஷம் என் போனில் என்ன செய்தான் என்று சொல்லியிருப்பான். எனக்கு அதைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. கட்டடத்தைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வழியெல்லாம் அடித்தது. அணைக்கப் பார்த்தேன். "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்றாள். வீட்டுக்குப் போய் அவளுடைய போர்வையில், என் வீட்டுக்காரியுடைய போர்வையில், சுற்றித் தகரப் பெட்டியில் வைத்து மூடினேன். அப்படியும் கேட்டது. பெட்டியிலிருந்து கேட்டால் பரவாயில்லை, சத்தம் குளியலறையிலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் நாலைந்து முறை எழுந்து போய் அந்தக் கதவைத் திறந்து பார்த்தேன். வாளி இருந்தது, சோப்பு இருந்தது. தரை காய்ந்திருந்தது.

நாற்பத்தொரு அழைப்பு என்று நீங்கள்தான் சொன்னீர்கள். கடைசி அழைப்பு ஞாயிறு மத்தியானம் இரண்டு இருபத்திரண்டு. அந்த நேரத்தை நான் ஏற்பாடு செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் நானே மெயினைத் தூக்கினேன். லிஃப்டை நானே கீழே இறக்கி, நானே கதவைத் திறந்தேன். நானேதான் நடந்து இங்கே வந்தேன். யாரும் என்னைப் பிடிக்கவில்லை.

லிஃப்டை நிறுத்தியது நான். பம்பைப் பார்த்தும் எடுத்துக் கொடுக்காதது நான். அடித்த போனை எடுக்காமல் விட்டது நான். கொலை என்று எழுதுகிறீர்களா, எழுதுங்கள். கையெழுத்து ஒழுங்காக வராது, பெருவிரல் வேண்டுமானாலும் வைக்கிறேன்.

போன் உங்கள் மேசையில் கவருக்குள் கிடக்கிறது. சார்ஜ் தீர்ந்து நான்கு நாள் ஆகிறது என்கிறீர்கள். எனக்குப் பாட்டு கேட்கிறது. அது போகட்டும்.

ஆனால் எங்கள் கட்டடத்தைப் பெருக்குகிற அம்மா கொடுத்த வாக்குமூலத்தை இதோடு சேர்க்காதீர்கள். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மோட்டார் அறையில் அவளும் நானும் டீ குடித்தது உண்மை. "போன் அடிக்குது பெரியவரே" என்று அவள் மூன்று தடவை சொன்னதாகவும், "எவனோ தெரியாதவன், விடு" என்று நான் அதைக் கவிழ்த்து வைத்ததாகவும் சொல்கிறாளே, அது பொய். அவளுக்குக் காது மந்தம். கம்பெனிப் பதிவேட்டில் காவலனை வியாழக்கிழமையே எடுத்துவிட்டதாக இருந்தால் அதுவும் பொய், அவர்கள் எதையும் எழுதுவார்கள்.

வெள்ளிக்கிழமை அந்தப் போன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நான் எடுத்திருப்பேன்.