டில்டா தூங்கிய ஞாயிற்றுக்கிழமைகள்

காப்பிக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. ஆஸ்பத்திரி இயந்திரத்தில் இவ்வளவு நல்ல காப்பி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்ததிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். என் மகள் டில்டா மேல்மாடியில் கண் திறக்காமல் கிடக்கிறாள். அவள் வயிற்றுக்குள் என்ன போனது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். சொல்லத்தான் போகிறேன். முதலிலிருந்து கேட்டால்தான் என்னைத் தப்பாக நினைக்க மாட்டீர்கள்.

நானும் டில்டாவின் அம்மா மார்னியும் பெரிய ரகளை இல்லாமல் பிரிந்தவர்கள். டில்டாவை வருமான வரிக் கணக்கில் ஒரு வருஷம் நான் காட்டுவது, மறு வருஷம் அவள் காட்டுவது என்று நீதிபதியே எழுதிக் கொடுத்தார். பிள்ளையைக் காட்டுகிறவருக்கு நல்ல தொகை திரும்பி வரும். எனக்குப் பணம் பெரிதில்லை. அப்பா என்று ஓரிடத்திலாவது என் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். போன பிப்ரவரியில் என் முறை. சாவகாசமாக உட்கார்ந்து கணினியில் கணக்கை அனுப்பினேன். உடனே திரும்பி வந்துவிட்டது. இந்தப் பிள்ளையை ஏற்கெனவே வேறொருவர் காட்டிவிட்டார் என்றது. மார்னி முந்திக்கொண்டுவிட்டாள்.

போனில் கேட்டேன். சிரித்தாள்.

“கோர்ட்டுப் பேப்பரைக் கண்ணாடி போட்டு மாட்டிக்க, லைல். வரி ஆபீஸ்ல அதை யாரு பாக்குறா? புள்ள எந்த வீட்டுல அதிக ராத்திரி தூங்குதோ, அவங்களுக்குத்தான். ஞாயித்துக்கெழம ராத்திரி யார்கிட்ட இருக்கா? என்கிட்ட. வாரத்துல உனக்கு மூணு ராத்திரி, எனக்கு நாலு. போய்ப் படு.”

விசாரித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் நான் சட்டத்தை மதிக்கிறவன். சட்டம் இரவுகளைத்தான் கேட்கிறது என்றால் இரவுகளைச் சேர்ப்பதுதானே முறை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை டில்டாவுக்கு நிஜமாகவே சளி. மருந்து கொடுத்தேன், சோபாவிலேயே தூங்கிவிட்டாள். அவளைக் கூட்டிப்போகப் பனியில் கார் ஓட்டி வந்த மார்னி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “பாவம், எழுப்பாத. காலைல நீயே ஸ்கூல்ல விட்டுரு” என்று போய்விட்டாள். ஓர் இரவு என் பக்கம் வந்தது.

அதற்கப்புறம் சளி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் கொடுத்தேன். பிள்ளைகளுக்கான மருந்துதான், கடையில் எவரும் வாங்கலாம். கோடைக்குள் அது பலிக்காமல் போயிற்று. கிடங்கில் என்னோடு டயர் ஏற்றுகிற ஒருவன் முதுகுவலிக்கு ஒரு மாத்திரை வைத்திருந்தான். பெயரை வாயால் சொல்லி, பெயர் எழுதாத உறையில் கொஞ்சம் தந்தான். பொடித்துக் கோக்கோவில் கலந்தேன்.

“அப்பா, கசக்குது.”

“இன்னொரு மார்ஷ்மெல்லோ மிட்டாய் போடட்டுமா, கண்ணு?”

“ரெண்டு போடு.”

மூன்று போட்டேன். நான் கஞ்சன் இல்லை.

மார்னிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சில ஞாயிறுகளில் நேரத்தோடு வந்து கூட்டிப்போனாள். அப்படியும் டிசம்பரில் இருவருக்கும் ஏறக்குறைய சமமாக வந்துவிட்டது. வரப்போகும் பணத்தை நம்பி ட்ரக்குக்குப் புது எஞ்சின் போடச் சொல்லிவிட்டேன், அது வேறு விஷயம். நேற்று வருஷத்தின் கடைசி ஞாயிறு. “தூங்கினாலும் தூக்கிட்டுத்தான் போவேன்” என்று மார்னி காலையிலேயே மிரட்டினாள். அசைக்கவே முடியாத தூக்கம் என்றால் விட்டுவிட்டுப் போவாள் என்று வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பொடிக்க வேண்டியதாயிற்று. அவள் மிரட்டாமல் இருந்திருக்கலாம்.

வந்தாள், உலுக்கினாள், கன்னத்தில் தட்டினாள். “லைல், எந்திரிக்க மாட்டேங்குறாடா! உதடெல்லாம் நீலமா இருக்கு. என்ன குடுத்த?” “கோக்கோ” என்றேன். அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது கோப்பையைக் கழுவி வைத்தேன். மீதி மாத்திரையும் உறையும் கழிப்பறையில் போயின. அதனால்தான் உங்கள் ஆட்கள் வீட்டைப் புரட்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை. டாக்டர் கேட்டபோதும் கோக்கோ என்றேன்.

மாத்திரையின் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும், ஐயா. தெரிந்தால் அதற்கேற்ற மாற்று மருந்தைக் கொடுத்துவிடலாம், மூச்சு இறங்கிக்கொண்டே வருகிறது, நேரம் இல்லை என்கிறீர்கள். புரிகிறது. எனக்கும் மகள்தானே.

இதோ, என் கோட்டுப் பையில் ஒரு பக்கப் படிவம் இருக்கிறது. வரிக் கணக்கில் பிள்ளையைக் காட்டும் உரிமையை மற்றவருக்கு விட்டுக்கொடுப்பதற்கானது. ஆம்புலன்ஸில் ஏறும்போது எடுத்துக்கொண்டேன். மார்னி வெளியே நடைவழியில்தான் இருக்கிறாள், அழுகை இங்கே கேட்கிறது. அவளிடம் கொடுங்கள். கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும், மாத்திரையின் பெயரைச் சொல்கிறேன்.

டில்டா மேல் யாருக்கு நிஜமான பாசம் என்று இப்போது தெரிந்துவிடும்.