தண்ணீரா, விஷமா?

மாட்டுத்தாவணியிலிருந்து பசுமலை போகும் பஸ்ஸில், வாட்டர் ஃபில்டர் டப்பாவை மடியில் வைத்திருந்தவர் திடீரென்று சொன்னார்:

“என் மெயிலைப் படிச்சிட்டு ஒரு பிள்ளை ரெண்டு நாள் வீட்டுத் தண்ணியத் தொடாம இருந்துச்சு மாப்ள.”

“அப்படி என்னத்த எழுதுன?” என்றார் பக்கத்து சீட் நண்பர்.

“‘உங்கள் குழந்தை குடிப்பது தண்ணீரா, விஷமா?’ன்னு. கடைக்கு வந்து விசாரிச்சவங்க அம்புட்டுப் பேருக்கும் அனுப்புனேன். ஒருத்தரும் ஃபில்டர் வாங்கல. ஒரு டீச்சரம்மா மட்டும், பிள்ளை பயந்துருச்சு, நேர்ல வாங்கன்னு பதில் போட்டாங்க.”

“வித்துட்டியா?”

“விக்கத்தான் போனேன். சோதிச்சா, தண்ணி நல்லாத்தான் இருக்கு. அந்தப் பிள்ளை முன்னாடி நானே ரெண்டு டம்ளர் குடிச்சுக் காட்டுனேன். மூணாவது டம்ளரை அது வாங்கிக் குடிச்சிருச்சு.”

“அப்ப வியாபாரம் போச்சு.”

“எங்க போச்சு? டீச்சரம்மா ஸ்கூல்ல சொல்லிருக்காங்க. இப்ப நாலு டீச்சருங்க, எங்க வீட்டுத் தண்ணியவும் பாத்துச் சொல்லுங்கன்னு மெயில் போட்டிருக்காங்க. அங்கதான் போறேன்.”

“நாலு வீட்லயும் தண்ணி நல்லாருந்தா?”

“குடிச்சுக் காட்ட வேண்டியதுதான். அதுக்குத்தான காலைல இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்காம வாரேன்.”